ஏழு நாள் நோட்டீசும் ஒரு காய்ந்த சுவரும்

இப்போதெல்லாம் வீட்டுக்குள் மழைநீர் வருகிறது என்று மனு போட்டால், போட்டவரின் போனுக்கே பதில் வந்துவிடுகிறது. ‘தங்கள் மனுவுக்குத் தீர்வு காணப்பட்டது.’ போன மாதம் ஓய்வூதிய விஷயமாகப் பழைய ஆபீசுக்குப் போயிருந்தேன். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது ஒரு பெண் பணி ஆய்வாளர் இருக்கிறார். கெட்டிக்காரி. கையில் இருந்த மனு எல்லாவற்றையும் முடித்துவிட்டதாகப் போனைக் காட்டினார். பிறகு, “உங்க காலத்துல எத்தன மனுங்க சார் முழுசாத் தீர்ந்திருக்கும்?” என்று கேட்டார். சீண்டலுக்குக் கேட்டதுதான். “ஒண்ணே ஒண்ணும்மா” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு பஸ் ஏறினேன். அந்த ஒன்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் குடும்பம் கோயம்புத்தூர்ப் பக்கம். அப்பா மளிகைக் கடையில் மூட்டை இறக்க மலையேறி வந்து, குளிருக்குப் பழகி, இங்கேயே தங்கிவிட்டார். நான் பேரூராட்சியில் தினக்கூலியாகச் சேர்ந்தேன். குழாய் போடுகிற குழி வெட்டினேன், பம்ப் ரூமில் இருந்தேன், பிறகு பணி ஆய்வாளர் ஆனேன். எந்தப் பேரூராட்சி என்று சொல்லப் போவதில்லை. நீலகிரியில் ஆனி, ஆடியில் வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றுகிற பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சமவெளியில் தண்ணீர்ச் சண்டை என்றால் தெருக்குழாயில் குடம் உருளும். எங்கள் ஊரில் சண்டையே வேறு. யார் வீட்டுத் தண்ணீர் யார் வீட்டுக்குள் போகிறது என்பதுதான் வழக்கு. ஒருவர் வீட்டுக் கூரையும் அவருக்கு மேலே இருப்பவர் வாசலும் ஒரே மட்டத்தில் இருக்கிற ஊர் இது. மேல் வீட்டுக்காரர் கீழே தள்ளுவார், கீழ் வீட்டுக்காரர் அடைப்பார், இரண்டு பேரும் மனு எழுதுவார்கள். கோடைக்கு மட்டும் வந்து போகிற ஒரு பங்களாக்காரர், தோட்டத்தின் நடுவே ஓடிய காலங்காலமான வாய்க்கால் அழகாயில்லை என்று அதை மூடிப் புல் வளர்த்துவிட்டார். தண்ணீர் பக்கத்து வீட்டுச் சாமி அறைக்குள் போனது. கேட்கப் போனேன். “மழை பெய்யறதுக்கும் நானாய்யா பொறுப்பு?” என்றார். மனுவோடு திரும்பி வந்தேன்.

இந்த மாதிரி மனுக்களுக்கு எங்களிடம் தயாராக ஒரு வாக்கியம் இருந்தது. ‘மனுதாரரின் பட்டா நிலத்திற்குள் பேரூராட்சி நிதியில் பணி மேற்கொள்ள இயலாது என்ற விவரம் பணிவுடன் தெரிவிக்கப்படுகிறது.’ தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். எத்தனை பேருக்கு எழுதியிருப்பேனோ. பட்டா நிலம் என்ற வார்த்தை விழுந்தால் ஃபைல் மூடிவிடும்.

எங்களுக்குத் தனியாகப் பொறியாளர் கிடையாது. நாலைந்து பேரூராட்சிக்கு ஒருவர். வியாழக்கிழமை எங்கள் முறை. அப்போது இருந்தவர் தங்கராசு சார். மெலிந்த ஆள், தடித்த கண்ணாடி. குரலை உயர்த்த மாட்டார். மனுதாரர் வீட்டில் உட்கார மாட்டார், நின்றபடியே டீ மட்டும் குடிப்பார். அவர் பையில் எப்போதும் உடைந்த குடையின் கம்பி ஒன்று இருக்கும். எங்கள் ஊரில் மண்ணைப் பிடித்து நிறுத்தக் கல்லால் தடுப்புச் சுவர் கட்டுவார்கள். மண்ணுக்குள் ஊறும் தண்ணீர் வெளியே வர, அந்தச் சுவரில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழாய் வைத்து ஓட்டை விடுவார்கள். வீப் ஹோல் என்போம். தங்கராசு சார் எந்தத் தடுப்புச் சுவரைப் பார்த்தாலும் நின்று, ஒவ்வொரு ஓட்டையிலும் அந்தக் கம்பியை விட்டுப் பார்ப்பார். கம்பி முழுசாகப் போக வேண்டும். வெளியே இழுத்து, நுனியில் ஒட்டிய மண்ணை விரலால் தேய்ப்பார்.

“தெளிஞ்ச தண்ணி சொட்டினா சுவரு நல்லா இருக்குதுன்னு அர்த்தம். கலங்கிச் சொட்டினா உள்ள மண்ணு கரையுதுன்னு அர்த்தம். கலங்கலுக்குப் பயப்படுங்க” என்பார். பக்கத்தில் நின்று தலையாட்டியவன் நான். எனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. எல்லாம் தெரியும்.

இனி மரகதம்மா. சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். சேரம்பாடிப் பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறித்து, ரிட்டயர் ஆனதும் எஸ்டேட் கொடுத்திருந்த லயன் வீட்டைக் காலி செய்து கொடுத்துவிட்டு வந்தவர். புருஷன் முன்பே போய்விட்டார், பிள்ளை இல்லை. வந்த பணத்தில் எங்கள் ஊரில் ஒரு துண்டு இடம் வாங்கி இரண்டு அறையும் ஒரு சமையல்கட்டும் கட்டினார். வாழ்நாளில் யாரும் காலி பண்ணச் சொல்ல முடியாத முதல் வீடு. அதை என்னிடம் அவரே சொன்னார். “இனி எந்தத் தொரையும் சாவி கேக்க மாட்டாரு தம்பி” என்று சொல்லிச் சிரித்தார்.

வீட்டுக்கு மேலே பேரூராட்சி ரோடு. ரோட்டோரக் கால்வாய் ஒரு சிறுபாலத்துக்குள் நுழைந்து, மறுபக்கம் நேராக மரகதம்மாவின் இடத்தில் வாய் திறக்கும். அதற்குப் பிறகு கால்வாய் இல்லை. ரோட்டு மழையெல்லாம் அவர் வீட்டுப் பின்பக்கம் விழுந்து மண்ணுக்குள் இறங்கும். வீட்டுக்கு முன்னால் சின்ன முற்றம். முற்றம் முடிகிற இடத்தில் இரண்டு ஆள் உயரத்துக்குத் தடுப்புச் சுவர். சுவருக்குக் கீழே ஒரு சந்து, சந்துக்கு எதிரே மளிகைக்கடை பழனிச்சாமியின் வீடு. இவ்வளவுதான் இடம்.

மரகதம்மா ஒவ்வொரு மழைக்கும் பிறகு மனு போடுவார். “ரோட்டுத் தண்ணி பூராவும் என் வீட்டு முதுகுலதான் விழுது தம்பி. அந்தப் பாலத்து வாய மட்டும் அந்தாண்ட திருப்பி விடுங்க.” நான் பட்டா நில வாக்கியத்தை எழுதி அனுப்புவேன். அடுத்த வருடம் மறுபடி வருவார். முகம் கோணமாட்டார்.

ஒரு மழைக்காலம் முடிந்த கையோடு பழனிச்சாமியும் மனுவோடு வந்தார். “ஏனுங்க, என்ற ஊட்டு வாசல்ல எந்நேரமும் மேல் ஊட்டுத் தண்ணி. பாசி புடிச்சு என்ற சம்சாரம் வழுக்கி விழுந்து கை பெசகிப் போச்சுங்க. ஆபீசுன்னு ஒண்ணு இருக்குதா இல்லீங்களா?” என்று மேசையைத் தட்டினார். அவர் சொன்னது உண்மை. சுவரின் பதினாறு ஓட்டைகளும் சந்தில் சொட்டிக்கொண்டிருந்தன.

எங்கள் ஆபீசில் ஃபைல் மனுதாரர் பெயரில்தான் திறப்போம். மரகதம்மா மனு ‘ம’ கட்டில், பழனிச்சாமி மனு ‘ப’ கட்டில். இரண்டும் ஒரே தண்ணீர் என்று அலமாரிக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மேலே விழுகிற தண்ணீர் தனி மனு, கீழே சொட்டுகிற தண்ணீர் தனி மனு என்று பிரித்து வைத்துக்கொண்டு, இரண்டுக்கும் பதில் எழுதினேன். முட்டாள்தனம் என்று இப்போது எழுதக் கை கூசவில்லை.

பழனிச்சாமி மனுவுக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். எங்களிடம் அச்சடித்த படிவம் ஒன்றுதான் உண்டு, குளியலறை, சமையலறைக் கழிவுநீரைத் தெருவில் விடுகிறவர்களுக்கானது. ‘தங்கள் இடத்திலிருந்து வெளியேறும் நீரைப் பொதுப்பாதையில் விடுவதை ஏழு நாட்களுக்குள் முற்றிலும் நிறுத்த வேண்டும். தவறினால் சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்.’ அதில் மரகதம் என்று பெயரை நிரப்பி, முத்திரை குத்தி, நானே கொண்டு போய்க் கொடுத்தேன்.

அவர் படிக்கத் தெரியாதவர் இல்லை. எழுத்துக் கூட்டிப் படித்தார். “எப்பிடித் தம்பி நிறுத்துறது? தண்ணி தானா வருதே” என்று கேட்டார். நான் வண்டியை உதைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு இன்னும் மூன்று நோட்டீஸ் பாக்கி. “அந்த ஓட்டை வழியாத்தானுங்கம்மா வருது. அதப் பாருங்க” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மொத்தம் ஆறேழு வார்த்தை.

எஸ்டேட்டில் வளர்ந்தவர்களுக்கு எழுத்தில் வந்த உத்தரவு என்றால் வேறு பேச்சே கிடையாது. காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டால் ஓடி வந்து நிற்க வேண்டும், துரை துண்டில் எழுதிக் கொடுத்தால் அன்றே முடிக்க வேண்டும். நோட்டீசையும் அவர் துண்டு என்றுதான் சொன்னார். ஏழு நாள் கொடுத்திருந்தோம். அவர் நாலே நாளில் ஆபீசுக்கு வந்து, “முடிச்சிட்டேன் தம்பி, வந்து பாருங்க” என்றார்.

தை மாதம்தான் போய்ப் பார்த்தேன். நல்ல வெயில். பதினாறு ஓட்டைகளிலும் துணியைத் திணித்து, மேலே சிமெண்டு பூசி, பூச்சு தெரியாமலிருக்கச் சுவர் முழுக்கச் சுண்ணாம்பும் அடித்திருந்தார். ஏணி வைத்துத் தானே ஏறிச் செய்ததாகச் சொன்னார். அறுபது தாண்டிய பெண்பிள்ளை. சந்து எலும்பாய்க் காய்ந்து கிடந்தது. பழனிச்சாமி கைகூப்பி, “இப்பத்தானுங்க நிம்மதி” என்றார். மரகதம்மா டீ கொடுத்தார். ‘குறை முழுமையாகக் களையப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மனுதாரருக்கும் திருப்தி, எதிர்மனுதாரருக்கும் திருப்தி. சர்வீசில் அப்படி ஒரு மனு எனக்கு வாய்த்ததே இல்லை. அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

தங்கராசு சாருக்கு அந்த ஃபைல் போகவில்லை. நோட்டீஸ் வேலை பொறியாளரிடம் போவதில்லை.

அடுத்த ஆனி. மூன்று நாளாக விடாத மழை. வியாழக்கிழமை காலை எட்டு மணி இருக்கும். அந்தச் சந்தின் கடைசியில் அடைத்துக்கொண்ட ஒரு பாலத்தைப் பார்க்கத் தங்கராசு சாரும் நானும் குடையோடு போனோம். சந்தில் இருந்த சுவர்கள் எல்லாம் ஓட்டைக்கு ஓட்டை பீச்சிக்கொண்டிருந்தன. கணுக்கால் தண்ணீரில் நடந்தோம். சார் சட்டென்று நின்றார்.

“இந்தச் சுவரு மட்டும் ஏன் காஞ்சு கிடக்குது?”

எனக்குப் பெருமை. “அது நம்ம நோட்டீஸ் குடுத்து நிறுத்தினதுங்க சார்” என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்த முகத்தை என்னால் விவரிக்க முடியாது. என்னை யாரென்றே தெரியாதவர் போலப் பார்த்தார். பையிலிருந்து கம்பியை எடுத்து ஒரு ஓட்டை இருந்த இடத்தில் வைத்தார். சிமெண்டில் முட்டி வளைந்தது. உள்ளங்கையைச் சுவரில் வைத்தார். பிறகு தள்ளி நின்று, குடையை மடக்கிச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடிச் சுவரோடு ஒப்பிட்டார். நானும் பார்த்தேன். சுவரின் நடுப்பகுதி வயிறு மாதிரி முன்னால் தள்ளியிருந்தது. சுண்ணாம்பில் மேலிருந்து கீழாக ஒரு கீறல், அதன் ஓரத்தில் காப்பித் தண்ணீர் நிறத்தில் கசிவு. அந்த ரோட்டு மழை முழுக்க, மூன்று நாளாக, போக வழியில்லாமல் இதற்குப் பின்னால்தான் நிற்கிறது. அடைக்க வைத்தது நான்.

சார் திட்டவில்லை. நனைந்த கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, “மொதல்ல எதுத்த ஊட்டு ஆளுங்கள வெளிய எடுங்க” என்றார்.

பழனிச்சாமி வீட்டில் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தை பிறந்து ஒன்பதாவது நாள். சுவரைப் பார்த்த முன்னறையில்தான் கட்டில். பழனிச்சாமி வாசலை மறித்து நின்றார். “பச்ச ஒடம்புக்காரிய இந்த மழையில எறக்கச் சொல்றீங்களா? பதினாறு நாளு கழியாம வாசப்படி தாண்ட மாட்டா. சுவரு காஞ்சு கெடக்குது, நீங்களே வந்து பாத்துட்டுப் போனீங்கல்ல?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் கொடுத்த சர்டிஃபிகேட்டை எனக்கே காட்டுகிறார். தங்கராசு சார்தான் அவர் கையைப் பிடித்து, “இவரு அன்னிக்குச் சொன்னது தப்புங்க. நான் இஞ்சினியரு சொல்றேன். உங்க பேரக்குழந்தைய நானே தூக்கிட்டு வர்றேன், வாங்க” என்றார். அந்தக் குரலில் என்ன இருந்ததோ, பழனிச்சாமியின் மனைவி கம்பளியை எடுத்துக் குழந்தையைச் சுற்றிவிட்டார். சார் தன் குடையைக் குழந்தைக்குப் பிடித்து, தான் நனைந்தபடி, சந்து முனையில் இருந்த ரேஷன் கடை வரைக்கும் கூட நடந்தார்.

மேலே போனோம். மரகதம்மா அடுப்பில் தண்ணீர் வைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும், “ஒரு சொட்டு வருதா பாருங்க தம்பி” என்றார். வெளியே வாருங்கள் என்று கையைப் பிடித்தேன். ரேஷன் கார்டும் சிலோன் காகிதங்களும் இருந்த பிளாஸ்டிக் கவரை எடுத்துக்கொண்டுதான் வந்தார். அந்தக் கவரில் என் நோட்டீசும் பத்திரமாக இருந்தது.

கடப்பாரையால் ஓட்டையைத் திறக்கலாம் என்று நான் ஓடப் பார்த்தேன். சார் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினார். “இப்பத் தொறந்தா தொறக்கறவன் மேலதான் விழும். மேல அடைங்க.” துப்புரவு ஆட்கள் ஐந்து பேர், மண் மூட்டைகள். சிறுபாலத்தின் வாயை அடைத்து, ரோட்டில் குறுக்கே ஒரு சால் இழுத்து, தண்ணீரை அந்தப் பக்க ஓடைக்குத் திருப்பினோம். அரை மணி நேரம் ஆனது. மரகதம்மா வருடக்கணக்கில் கேட்ட வேலை அதுதான். ஐந்து ஆள், அரை மணி நேரம், பட்டா நிலத்துக்குள் ஒரு அடி கூட வைக்கவில்லை. மண்வெட்டியைப் பிடித்தபடி ரோட்டில் நின்றுவிட்டேன். இவ்வளவுதானா? இதற்கா அத்தனை தடவை அந்த வாக்கியத்தை எழுதினேன்?

நேரம் கடந்துவிட்டிருந்தது. பத்து மணிக்கு மேல், ஒரு லாரி கல் கொட்டினால் வருகிற சத்தம். அவ்வளவுதான். சுவர், முற்றம், சமையல்கட்டில் பாதி எல்லாம் சந்துக்குள் இறங்கிவிட்டன. பழனிச்சாமி வீட்டு முன்னறையின் ஜன்னல் வரை சேறு. கட்டில் இருந்த இடத்தில் ஒரு கருங்கல் கிடந்தது. மரகதம்மாவின் அடுப்பு, அந்தரத்தில் நின்ற மேடையில் இருந்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அதை நினைத்துத்தான் இன்றுவரை சோறு இறங்குகிறது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை அதைவிட உலுக்கியது. மீதி வீடு குடியிருக்கத் தகுதியற்றது என்று எழுதப்பட்டது. மரகதம்மா சேரம்பாடியில் தம்பி மகன் இருந்த லயன் வீட்டுக்கே திரும்பிப் போனார். தங்கராசு சார் நாலு பக்கம் கைப்பட அறிக்கை எழுதினார். ரோட்டு நீர்தான் காரணம், பொறுப்பு நம்முடையது என்று வெளிப்படையாக எழுதினார். செயல் அலுவலர் அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“நோட்டீசுல ஓட்டைய அடைன்னு எழுதியிருக்குதா?”

“இல்லீங்க சார்.”

“அப்ப அந்தம்மா தானா அடைச்சிருக்குது. அனுமதியில்லாம தடுப்புச் சுவர சேதப்படுத்தி, பொதுமக்கள் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினதுக்கு விளக்கம் கேட்டு ஒரு நோட்டீஸ் போடுங்க.”

வீடு போனவருக்கே நோட்டீசா? “சார், நாமதான்...” என்று தொடங்கினேன். “நாமதான் என்ன?” என்றார். மகள் காலேஜில் படிக்கிறாள், சர்வீஸ் இன்னும் பாக்கி இருக்கிறது, எல்லாம் ஒரு நொடியில் தலைக்குள் ஓடியது. வாயை மூடிக்கொண்டேன். வண்டியை உதைத்தபடி சொன்ன அந்த ஆறேழு வார்த்தையை எந்த விசாரணையிலும் எந்த விளக்கத்திலும் நான் எழுதவில்லை. இங்கேதான் முதல் தடவையாக எழுதுகிறேன். தங்கராசு சார் அடுத்த மாதமே மாற்றலாகிப் போனார். அவரிடமும் சொல்லவில்லை.

அந்த இரண்டாவது நோட்டீசை எழுதி எடுத்துக்கொண்டு சேரம்பாடி போனேன். வரிசை வீட்டில் ஒரு அறை. வாசலில் சாக்கு விரித்து மரகதம்மா உட்கார்ந்திருந்தார். காகிதத்தை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஓட்டையை அடைத்திருக்கக் கூடாது, அடைத்ததால்தான் சுவர் விழுந்தது, அடைக்கும்படி ஆனது என் நோட்டீசாலும் என் வாயாலும்தான், தப்பு முழுக்க என்னுடையது என்று பச்சையாகச் சொன்னேன். அழுதும்விட்டேன்.

அவர் நான் சொன்னதை நம்பியதாகத் தெரியவில்லை. நோட்டீசை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, உள்ளே யாராவது கேட்கிறார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்.

“ஆபீசுத் துண்டு தப்பா இருக்குமா தம்பி? நீங்க எனக்காகச் சொல்றீங்க. கடைசி ரெண்டு ஓட்டைக்குச் சிமெண்டு பத்தல. மண்ணக் கலந்துதான் பூசினேன். அதுலதான் செவுரு போயிருக்கும். அன்னிக்கே சொல்லியிருக்கணும், பயந்துக்கிட்டுச் சொல்லல. ஆபீசுல மட்டும் சொல்லிடாதீங்க.”